ஏழு டைல்ஸ் தள்ளி

நாத்தனார்: வேணாம் அண்ணி, நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்.

அண்ணி: எங்கே, வாசல்லயா? உன் உடம்புல பாதி வராண்டாவுல இருக்கு.

நாத்தனார்: இங்கதான் காத்து வருது.

அண்ணி: ஏசி ரூம்ல உனக்குக் காத்து வேணுமா? சிட்டு, ஒழுங்கா வந்து பக்கத்துல உட்காரு. இவ்வளவு தூரத்துல இருந்து பேசினா ஏலம் விடற மாதிரி இருக்கு.

நாத்தனார்: ஊசி போட்டவர் ஆறடி தள்ளி இருக்கச் சொன்னாரே.

அண்ணி: முடிஞ்சா தள்ளி இருங்கன்னாரு. நீ அளந்து உட்கார்ந்திருக்கே.

நாத்தனார்: ஒரு டைல்ஸ் ஒரு அடி. ஏழு எண்ணினேன்.

அண்ணி: ஆறுக்கு மேல அந்த ஒண்ணு எதுக்கு?

நாத்தனார்: சும்மா... எண்ணினது தப்பாப் போயிட்டா?

அண்ணி: நல்லா இருக்கு போ. என் ரத்தத்துல ஏறியிருக்கறது துளியூண்டு கதிர் வீசற மருந்து. சாயங்காலத்துக்குள்ள பாதியாயிடும். நாளைக்குக் காலையில தேடினாலும் கிடைக்காது. இதுக்குப் போய் இப்படி ஒதுங்கறே.

நாத்தனார்: ஒதுங்கல. உட்கார்ந்திருக்கேன்.

டெக்னீசியன்: மேடம், தண்ணி குடிச்சீங்களா?

அண்ணி: ஒரு பாட்டில் ஆச்சு.

டெக்னீசியன்: இன்னும் ஒண்ணு குடிச்சுடுங்க. மருந்து எலும்புல போய் ஒட்ட மூணு மணி நேரம் ஆகும். ஒட்டாதது பாத்ரூம் வழியா வெளியே போயிடணும். அப்பதான் படம் தெளிவா வரும். கூட வந்தது நீங்களாம்மா? இன்னிக்கு ராத்திரி வரைக்கும் இவங்களை ஒட்டி உட்காராதீங்க. வீட்டுல கைக்குழந்தைங்க, அப்புறம்...

நாத்தனார்: தெரியும் சார். சுவத்துல ஒட்டியிருக்கீங்களே, வந்தவுடனே படிச்சுட்டேன்.

டெக்னீசியன்: பரவாயில்லையே. பாதிப் பேர் அதுமேல சாய்ஞ்சு தூங்கறாங்க. மேடம், படிவத்துல ஒண்ணே ஒண்ணு சரிபார்க்கணும். கடைசி மூணு மாசத்துல விழுந்தது, அடிபட்டது ஏதாவது... இல்லைன்னு டிக் பண்ணியிருக்கீங்க.

அண்ணி: ...ஆமா.

டெக்னீசியன்: சரி. பன்னெண்டரைக்குக் கூப்பிடறேன்.

நாத்தனார்: ஏன் இழுத்தீங்க?

அண்ணி: என்னத்தை?

நாத்தனார்: அந்த ‘ஆமா’வை.

அண்ணி: வாயில தண்ணி இருந்துச்சு.

நாத்தனார்: ரெண்டாவது பாட்டில் மூடியே திறக்கல இன்னும்.

அண்ணி: நீ முடி வெட்ட வந்தவங்க கிட்ட எல்லாம் இப்படித்தான் குடைவியா? அதான் உன் கடைக்கு வர்றவங்க பயந்துக்கிட்டு தலையை ஆட்டாம உட்கார்ந்திருக்காங்க.

நாத்தனார்: பேச்சை மாத்தாதீங்க. விலாவுல வலி எத்தனை நாளா?

அண்ணி: ஒரு மாசம்.

நாத்தனார்: இருமினா?

அண்ணி: இருமினா உயிர் போய் உயிர் வருது. இப்படித் திரும்பிப் படுத்தாலும் அதே.

நாத்தனார்: ரெண்டு வருஷம் ஒண்ணும் இல்லாம இருந்தீங்க.

அண்ணி: அதுதானே சிட்டு பயமா இருக்கு. மார்புல வந்தது போயிடுச்சுன்னாங்க. போனது எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்? எலும்புல போய் உட்கார்றது அதோட வழக்கமாம். நேத்து டாக்டர் விலாவை அமுக்கிப் பார்த்தார் பாரு, அப்ப அவர் மூஞ்சி... சரி விடு.

நாத்தனார்: அண்ணனுக்கு போன் பண்ணவா?

அண்ணி: வேணாம். கப்பல்ல இருக்கற மனுஷன் குதிச்சு நீந்தியா வரப்போறார்? கையில படம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்போதைக்கு நீ இருக்கே இல்ல. தூரத்துல இருந்தாலும்.

நாத்தனார்: குத்திக்கிட்டே இருங்க.

அண்ணி: குத்தல. ஆச்சரியப்படறேன். மருந்து ஏத்தி எனக்கு முடி கொத்துக் கொத்தாக் கொட்டினப்ப யாரு மொட்டை அடிச்சது? நீதானே. என் தலையை மடியில போட்டுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டே அடிச்சே. நான் வாந்தி எடுத்த பேசின் எல்லாம் உன் கையால கழுவினே. அந்த சிட்டு இன்னிக்கு வாசல்ல உட்கார்ந்து டைல்ஸ் எண்றா.

நாத்தனார்: ...இந்த மருந்து பேரு என்ன அண்ணி? பாட்டில்ல ஏதோ நீளமா எழுதியிருந்துச்சு.

அண்ணி: டெக்னீசியம்.

நாத்தனார்: அந்த சாரோட பேரா?

அண்ணி: அவர் டெக்னீசியன். இது டெக்னீசியம். இரும்பு, செம்பு மாதிரி இதுவும் ஒரு தனிமம். இதுக்கு ஒரு கதை இருக்கு. கேக்கறியா?

நாத்தனார்: மூணு மணி நேரம் இருக்கு. கேக்காம எங்க ஓடப்போறேன்.

அண்ணி: வாசல்ல இருக்கே, ஓடினாலும் ஓடுவே. கேளு. தனிமங்களை எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டாங்க. நாப்பத்து மூணாவது இடம் மட்டும் காலி. தோண்டித் தோண்டிப் பார்த்தும் சரக்கு சிக்கல.

நாத்தனார்: ஏன்?

அண்ணி: நிக்காது. தானா சிதைஞ்சு வேற ஒண்ணா மாறிடும். பூமி உண்டானப்ப இருந்தது எல்லாம் எப்பவோ தீர்ந்து போச்சு. கடைசியில மனுஷன் தானே செஞ்சுதான் அதைக் கண்ணால பார்த்தான். சரி, உலகத்துல இது கிடையாது, செய்யத்தான் வேணும்னு விட்டாச்சு. அப்புறம் ஒரு நாள், வயசாகி, ஊதிப்போய், சிவந்து கிடக்கற சில நட்சத்திரங்களோட வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தாங்க. அதுல இதோட கோடு இருக்கு.

நாத்தனார்: கோடுன்னா?

அண்ணி: வெளிச்சத்தை வானவில் மாதிரி விரிச்சா, நடுநடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதுஅதுக்குன்னு இடம். இரும்பு இங்க, கால்சியம் அங்கன்னு. கோட்டைப் பார்த்தே நட்சத்திரத்துக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு சொல்லிடலாம்.

நாத்தனார்: இதைத்தான் இத்தனை வருஷமா உட்கார்ந்து பார்க்கறீங்களா?

அண்ணி: நான் ஜோசியம் பார்க்கறேன்னு நினைச்சியா?

நாத்தனார்: கடைக்கு வர்றவங்க கிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். சரி, கோடு இருந்தா என்ன இப்போ?

அண்ணி: நல்லா யோசி. அந்த நட்சத்திரத்துக்கு வயசு நூத்துக்கணக்கான கோடி வருஷம். இந்தச் சரக்கு சில லட்சம் வருஷத்துல கரைஞ்சு போறது. இருந்தும் அங்க இருக்குன்னா?

நாத்தனார்: ...யாரோ புதுசு புதுசாப் போட்டுக்கிட்டே இருக்கணும்.

அண்ணி: யாரோ இல்ல. அதுவே. உள்ள அடுப்பு அணையல, கிழம் இன்னும் சமைச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். தனிமங்களை எல்லாம் நட்சத்திரங்கதான் ஆக்குதுங்கறதுக்குக் கையில கிடைச்ச முதல் சாட்சி அதுதான். அதே சாமானை இன்னிக்கு என் கையில ஏத்தி, நீ எப்படி இருக்கேன்னு என்னைப் பார்க்கப் போறாங்க.

நாத்தனார்: உங்க எலும்பை எப்படிப் பார்க்கும் அது?

அண்ணி: எலும்பு எங்க புதுசாக் கட்டுதோ, அங்க தேடிப் போய் ஒட்டிக்கும். சும்மா இருக்கற எலும்பை லேசாத்தான் தொடும். ஏதாவது வேலை நடக்கற இடத்துல கொத்தாப் போய் உட்காரும். நோய் அரிச்ச இடத்துல எலும்பு பதறிப்போய் கட்டும் பாரு, அது படத்துல கறுப்பாத் தெரியும்.

நாத்தனார்: புதுசாக் கட்டற இடத்துலயா?

அண்ணி: ஆமா. ஏன், நாற்காலியை இன்னும் பின்னால தள்றே?

நாத்தனார்: கால் மரத்துப் போச்சு.

அண்ணி: இப்ப எட்டு டைல்ஸ் ஆயிடுச்சு.

நாத்தனார்: தண்ணியைக் குடிங்க. எனக்கும் தாகமா இருக்கு.

அண்ணி: உன் பையில என்ன அது, சிவப்பா பட்டை பட்டையா?

நாத்தனார்: மாத்திரை... இரும்புச் சத்து. ரத்தம் கம்மியாம்.

அண்ணி: எப்ப இருந்து?

நாத்தனார்: கொஞ்ச நாளா. நாள் பூரா நின்னுக்கிட்டே முடி வெட்டறேன் இல்ல.

அண்ணி: நின்னா ரத்தம் குறையுமா? என்னமோ போ. என் ஓட்டாண்டிக்கு ரெண்டு பட்டை அனுப்பி வை.

நாத்தனார்: யாரு ஓட்டாண்டி?

அண்ணி: என் நட்சத்திரம். ஆயிரத்து முந்நூறு கோடி வயசு இருக்கும். முதல் முதல்ல உண்டான நட்சத்திரங்க கிட்ட ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சூண்டு லித்தியம், அவ்வளவுதான் இருந்துச்சு. கார்பனோ இரும்போ கிடையவே கிடையாது. அதுங்க உள்ளேயே ஆக்கி, வெடிச்சு, ஊருக்கெல்லாம் இறைச்சதுல வந்ததுதான் உன் மாத்திரையும் என் விலா எலும்பும். இந்த ஓட்டாண்டி அதுக்கு அடுத்த தலைமுறை. சூரியன்ல இருக்கற இரும்புல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் இதுகிட்ட இருக்கும்னு நினைக்கறேன். பிறந்தப்ப கிடைச்சதை அப்படியே மேல வெச்சுக்கிட்டு நிக்குது.

நாத்தனார்: நினைக்கறீங்களா? அளக்கலையா?

அண்ணி: பாதிதான் முடிஞ்சிருக்கு. போன மாசம் கடைசி நாள் போய்ப் பார்த்தப்பகூட கோடு என்னமா விழுந்துச்சு தெரியுமா? நூல் மாதிரி...

நாத்தனார்: எங்க போய்ப் பார்த்தீங்க?

அண்ணி: ...ம்?

நாத்தனார்: கம்ப்யூட்டர்ல வீட்டுல இருந்தே பார்ப்பேன், மலைக்குப் போக மாட்டேன்னு அண்ணன் தலையில அடிச்சுச் சொன்னீங்க.

அண்ணி: அந்த ஒரு வாரம்தான் சிட்டு அது நல்ல உயரத்துல இருக்கும். விட்டா அடுத்த வருஷம். அடுத்த வருஷம் நான்... அதான் போயிட்டேன்.

நாத்தனார்: அந்த டெலஸ்கோப் கூண்டுக்குள்ள இரும்பு ஏணி இருக்குமே. கை நடுங்குதுன்னு காப்பி டம்ளரைக்கூட ரெண்டு கையால பிடிக்கறவங்க நீங்க.

அண்ணி: ஏறும்போது ஒண்ணும் ஆகல.

நாத்தனார்: இறங்கும்போது?

அண்ணி: மூணு படி. கடைசி மூணே மூணு படி.

நாத்தனார்: எந்தப் பக்கம் விழுந்தீங்க?

அண்ணி: இடது பக்கம். கைப்பிடிக் கம்பி விலாவுல இடிச்சுச்சு.

நாத்தனார்: வலி எந்தப் பக்கம்?

அண்ணி: நீ என்ன கேக்கறேன்னு எனக்குத் தெரியுது.

நாத்தனார்: எந்தப் பக்கம்?

அண்ணி: அதே பக்கம்தான். போதுமா?

நாத்தனார்: கடவுளே... இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா? அந்தப் படிவத்துல ‘இல்லை’ன்னு டிக் பண்ணியிருக்கீங்க.

அண்ணி: வேணும்னுதான் பண்ணினேன்.

நாத்தனார்: அண்ணனுக்குப் பயந்தா?

அண்ணி: அது கால்வாசி. மீதி வேற. சொன்னா என்ன ஆகும்? ‘ஓ, விழுந்தீங்களா, அதான் வலி’ன்னு தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. உள்ள நிஜமாவே ஏதாவது இருந்தா? எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கு. எந்த நட்சத்திரம், என்ன எதிர்பார்க்கறோம்னு எல்லாத்தையும் மூடி வெச்சுட்டுத்தான் கோட்டை அளப்போம். ஆசை கண்ணை மறைச்சிடக் கூடாது பாரு. படம் பார்க்கறவரும் அப்படிப் பார்க்கட்டும்னு விட்டேன்.

நாத்தனார்: என் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. கலர் போடணும்னாங்க. முன்னாடி ஏதாவது போட்டிருக்கீங்களான்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னாங்க. என் மருந்தைத் தடவின பத்தாவது நிமிஷம் முடி பச்சை.

அண்ணி: பச்சையா?

நாத்தனார்: கீரை மாதிரி. வேற எங்கயோ கண்ட பவுடரை வாங்கிப் போட்டிருக்காங்க. கேட்டா, ‘நீயா கண்டுபிடிக்கறியான்னு பார்த்தேன்’னாங்க. நீங்க பண்ணியிருக்கறதும் அதேதான்.

அண்ணி: சிட்டு, இது வேற...

நாத்தனார்: என்ன வேற? அந்த ஓட்டாண்டிகிட்ட, பிறக்கும்போது எது இருந்துச்சு, நடுவுல எது வந்து ஒட்டிச்சுன்னு தெரியாம நீங்க வயசு சொல்லுவீங்களா?

அண்ணி: ...மாட்டேன்.

நாத்தனார்: அங்க மட்டும் முன்கதை வேணும், இங்க வேணாமா? புதுசாக் கட்டற இடத்துல எல்லாம் மருந்து ஒட்டும்னீங்க. உடைஞ்ச எலும்பு ஒட்டறப்பவும் புதுசாத்தானே கட்டும்? அது நோயா, அடியான்னு அந்த மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பார்? நீங்க வாயை மூடிக்கிட்டதால இன்னும் நாலு ஊசி குத்தினா யாருக்கு வலிக்கும்?

அண்ணி: கத்தாதே.

நாத்தனார்: ஏழு டைல்ஸ் தள்ளி இருந்தா கத்தத்தான் வேணும்.

அண்ணி: எட்டு.

நாத்தனார்: சிரிக்காதீங்க. எனக்கு அழுகை வருது. வேணும்னு மறைச்சாங்களாம், விஞ்ஞானியாம்.

அண்ணி: ...ஒண்ணு சொல்லட்டுமா? விழுந்ததைச் சொல்லிட்டா, அதுதான் காரணமா இருக்கும்னு நானே நம்ப ஆரம்பிச்சிடுவேன். நம்பிட்டு, இல்லைன்னு ஆயிட்டா அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல. முதல் தடவையும் ‘சும்மா கட்டியா இருக்கும்’னு நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

நாத்தனார்: நம்பாம இருந்திருந்தா மட்டும் வலி குறைஞ்சிருக்குமா?

அண்ணி: இல்ல.

நாத்தனார்: அப்புறம் என்ன. சார்... சார், கொஞ்சம் வர்றீங்களா? இவங்க படிவத்துல ஒண்ணைத் திருத்தணுமாம்.

\*

டெக்னீசியன்: கையைப் பக்கத்துல வெச்சுக்குங்க. இருபது நிமிஷம். மூச்சு விடலாம், அசையக் கூடாது.

அண்ணி: பேசலாமா?

டெக்னீசியன்: தாடை அசையாம பேச முடிஞ்சா பேசுங்க.

அண்ணி: அவ எங்க?

டெக்னீசியன்: வெளியே. இந்த ரூம் கதவு வரைக்கும்கூட வர மாட்டேன்னுட்டாங்க. மெயின் கேட் பக்கம் நிக்கறாங்க போல.

அண்ணி: அவ்வளவு பயமா...

டெக்னீசியன்: சிலர் அப்படித்தான் மேடம். ஆனா அரை மணி நேரத்துல நாலு தடவை ஆள் அனுப்பி விசாரிச்சுட்டாங்க.

அண்ணி: எனக்கு ஸ்க்ரீன் தெரியுது.

டெக்னீசியன்: கண்ணை மூடிக்கலாம்.

அண்ணி: பொழுதுக்கும் புள்ளியையும் கோட்டையும் பார்க்கறவ. மூடினா இன்னும் பயம். தலை... கழுத்து... தோள். அது சரியா இருக்கா?

டெக்னீசியன்: நான் எதுவும் சொல்லக் கூடாது மேடம். டாக்டர்தான் சொல்லணும்.

அண்ணி: அங்க. இடது பக்கம். ஒண்ணு... ரெண்டு... மூணு. கறுப்பா.

டெக்னீசியன்: அசையாதீங்க.

அண்ணி: மூணு புள்ளி இருக்கு.

டெக்னீசியன்: அழாதீங்க மேடம், நெஞ்சு குலுங்குது. படம் கலைஞ்சிடும்.

அண்ணி: ...ஒரே வரிசையில இருக்கே.

டெக்னீசியன்: பேசாம படுங்க மேடம்.

அண்ணி: ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஸ்கேல் வெச்ச மாதிரி. நோய் இப்படி அடுக்கி வைக்குமா? கண்ட இடத்துல இறைச்சுப் போடாதா? இது ஒரு கம்பி இடிச்ச மாதிரி இல்ல? சொல்லுங்க சார்.

டெக்னீசியன்: பதினெட்டு வருஷமா இந்த மிஷின்கிட்ட இருக்கேன். நான் வாயைத் திறந்தா வேலை போயிடும். விழுந்ததை எழுதிக் கொடுத்தது நல்லதாப் போச்சு. இதுக்கு மேல கேக்காதீங்க.

\*

நாத்தனார்: அங்கேயே நில்லுங்க. அந்த மரத்துகிட்டயே. டாக்டர் என்ன சொன்னார்?

அண்ணி: சாப்பிட்டியா நீ?

நாத்தனார்: அண்ணி, விளையாடாதீங்க.

அண்ணி: மூணு விலா. விரிசல். ஒட்டிக்கிட்டு வருதாம். மத்தபடி உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்லையாம் சிட்டு.

நாத்தனார்: ...நிஜமாவா?

அண்ணி: ஆறு வாரம் கழிச்சு ஒரு எக்ஸ்ரே, அவ்வளவுதான். இதை எழுதலேன்னா நாளைக்கே ஊசி போட்டு எலும்பைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்திருப்பேன்னு திட்டினார். யாரு எழுத வெச்சதுன்னு கேட்டார். முடி வெட்டற என் நாத்தனார்னேன். அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னார்.

நாத்தனார்: அழாதீங்க.

அண்ணி: நீதான் அழறே. வா இங்க. ஒரு தடவை கட்டிக்கறேன்.

நாத்தனார்: நாளைக்கு.

அண்ணி: ஒரே ஒரு நிமிஷம் சிட்டு.

நாத்தனார்: நாளைக்குக் காலையில கண்ணு முழிச்சதும் வந்து கட்டிக்கறேன். இன்னிக்கு வேணாம். ரெண்டு ஆட்டோ சொல்லியிருக்கேன். நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்.

அண்ணி: ரெண்டு ஆட்டோவா?

நாத்தனார்: ...ஆமா.

அண்ணி: எனக்கு வலிக்குது. விலாவுல இல்ல. அவ்வளவு நோயோட கிடந்தப்ப நீ என்னைத் தொட்டே. ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்ன நாள்ல தொட மாட்டேங்கறே. போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மூணு ராத்திரி உன் கட்டில்லயே உட்கார்ந்திருந்தேன். நான் எண்ணல டைல்ஸ்.

நாத்தனார்: தெரியும் அண்ணி.

அண்ணி: பயமா இருந்தா பயம்னு சொல்லு. தப்பில்ல. அடுத்த தடவை நானே தனியா வந்துக்கறேன். ஆனா சாக்குச் சொல்லாதே. காலையில என்னை அந்தக் கத்துக் கத்தினியே, முன்கதையை மறைச்சா எப்படின்னு... அதே வாய்தானே இது. சொல்லு. நான் என்ன, உன்னைக் கடிச்சா சாப்பிடப் போறேன்?

நாத்தனார்: உங்க மேல பயம் இல்ல அண்ணி... போன தடவை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, எட்டாவது வாரத்துல எல்லார்கிட்டயும் இல்லைன்னு சொல்ல வேண்டியதாச்சு. அதான் இந்தத் தடவை யார்கிட்டயும் வாயைத் திறக்கல. இது பத்தாவது வாரம். வராம இருந்திடலாம்னுதான் பார்த்தேன், உங்களைத் தனியா அனுப்ப மனசு வரல... புதுசா எங்க எலும்பு கட்டுதுன்னு அந்த மருந்து தேடிப் போகும்னீங்களே. என் வயித்துக்குள்ள ஒண்ணு இப்பதான் கட்ட ஆரம்பிச்சிருக்கு.